பூதங்களின் வலியறிதல்

பகடை உருட்டி ஆடுவது நமக்குப் புதிதன்று. தாயமும் பரமபதமும் தலைமுறை தலைமுறையாக நம் வீட்டுத் திண்ணைகளில் ஆடப்பட்டு வந்தவை. அவற்றை ஆடுவோர் ஒருவரையொருவர் வெல்லவே ஆடுகின்றனர். ஆனால், ஒரு மேசையைச் சுற்றி ஐவர் அமர்ந்து, ஒருவரையொருவர் வெல்லும் நோக்கமின்றி, ஒரு கற்பனைக் கதையைப் பகடையின் துணைகொண்டு நடத்திச் செல்லும் ஆட்டம் ஒன்று இந்நாளில் உலகின் பல நாடுகளில் பரவியுள்ளது. நம் நாட்டு நகரங்களிலும் அதனை ஆடும் இளைஞர் உளர். அவ்வாட்டத்தில் எழும் ஒரு சிக்கலைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். கதையில் எதிர்ப்படும் பூதம் எவ்வளவு வலியது, அதனை எதிர்க்கும் வீரர்கள் தாங்குவார்களா என்பதை முன்கூட்டியே மதிப்பிடுவது எப்படி என்பதே அச்சிக்கல்.

முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சுருக்கமாகக் கூறுவோம். 1974-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற ஆட்டம் வெளிவந்தது. அதனை ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர். ஆடுவோர் ஒவ்வொருவரும் கதையில் ஒரு வீரரை ஏற்கின்றனர். ஒருவர் வாள் ஏந்துவார்; ஒருவர் மந்திரம் கற்றவராவார்; ஒருவர் பூட்டுத் திறப்பதில் வல்லவராவார். எஞ்சிய ஒருவர் நடுவராக அமர்கிறார். காடும் மலையும் பாழடைந்த கோட்டையும் அவர் சொல்லால் எழுகின்றன. பூதங்களை இயக்குபவரும் அவரே. வீசிய வாள் பட்டதா, தவறியதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்கிறது. ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளிகள் சில உண்டு. அடிபடுந்தோறும் அவை குறையும். வெற்றிகள் சேரச் சேர வீரர் முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கும், பின்னர் மூன்றாம் படிக்கும் உயர்கிறார். சில மேசைகளில் ஒரு படி ஏறப் பல வாரங்கள் ஆவதுண்டு. ஆகவே, ஒருவர் ஏற்ற வீரர் இறந்துபடுவதை விளையாட்டுத்தானே என்று தள்ளிவிட இயலாது. பல மாத உழைப்பும் அன்பும் அதனோடு போகின்றன.

தொடக்க நாளில் இம்மதிப்பீடு பெரும்பாலும் ஆடுவோர் கையிலேயே இருந்தது. கதை நிலவறைகளில் நடந்தது. முதல் தளத்தில் எளிய பூதங்கள் இருக்கும். ஒரு தளம் கீழிறங்கினால் சற்றுக் கடியவை இருக்கும். மேலும் இறங்கினால் இன்னும் கடியவை இருக்கும். ஆழம் மிகுதோறும் செல்வமும் மிகும், இடரும் மிகும். எவ்வளவு தூரம் இறங்குவது என்பதை இறங்குவோரே முடிவு செய்தனர். எனவே, படிக்கட்டே அளவுகோலாக விளங்கிற்று.

பின்னர்க் கதைகள் நிலவறையை விட்டு வெளியேறின. ஊர்களிலும் காடுகளிலும் அரசவைகளிலும் நடக்கலாயின. அப்பொழுது அந்தப் படிக்கட்டு மறைந்தது. எந்தப் பூதம் எப்பொழுது எதிர்ப்படும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு நடுவருடையதாயிற்று. 2000-ஆம் ஆண்டு வெளியான மூன்றாம் பதிப்பு அவருக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. ஒவ்வொரு பூதத்தின் பெயரோடும் ஓர் எண் அச்சாயிற்று. ‘சாலஞ்ச் ரேட்டிங்’ என்பது அதன் பெயர். நாம் அதனைக் கடுமை எண் என்று வழங்குவோம். ஐந்தாம் படியிலுள்ள நால்வருக்கு எதிரே கடுமை எண் ஐந்து உடைய பூதம் ஒன்று வந்தால், அவர்களுடைய ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செலவாகும் என்பது அப்பதிப்பின் கணக்கு. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு பூதங்களைத் தரம் பிரித்தது. ஒரே அடியில் விழும் சிற்றடியாரும், தனி ஒன்றாகவே ஒரு குழுவை எதிர்க்கவல்ல பெரும்பூதமும் அதில் வெவ்வேறு வகையினர். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு மீண்டும் கடுமை எண்ணுக்கே திரும்பிற்று. நன்கு இளைப்பாறி, தக்க கருவிகளோடு நிற்கும் நால்வர், தம் படிக்கு ஈடான கடுமை எண்ணுடைய பூதத்தை உயிரிழப்பின்றி வெல்லக்கூடும் என்பது அதன் உறுதிமொழி.

அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதையும் பார்ப்போம். பூதத்தின் உயிர்ப்புள்ளிகள் எத்தனை, அதன்மேல் அடி படுவது எவ்வளவு அரிது என்பன ஒரு பக்கம். முதல் மூன்று சுற்றுகளில் அது சராசரியாக எவ்வளவு சேதம் விளைக்கும், அதன் அடி எவ்வளவு எளிதில் படும் என்பன மறுபக்கம். தாங்கும் வலிமைக்கு ஓர் எண், தாக்கும் வலிமைக்கு ஓர் எண். இரண்டின் சராசரியே கடுமை எண். வேறு சில சிறப்பாற்றல்களுக்காகச் சிறிது கூட்டல் குறைத்தலும் உண்டு. இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால், இரண்டை ஓர் எண்ணாக்கும்போது ஏதேனும் ஒன்று மறைந்தே தீரும்.

எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். முதற்படியிலுள்ள நால்வர் காட்டுவழியே செல்கின்றனர். 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, அவர்கள் எதிரே காப்ளின் என்னும் குறும்பூதங்கள் நான்கு வரலாம். அல்லது ஓகர் என்னும் பேரரக்கன் ஒருவன் வரலாம். காப்ளின் ஒவ்வொன்றுக்கும் 50 புள்ளிகள் என நான்குக்கு 200; எண்ணிக்கை மூன்று முதல் ஆறு வரை இருந்தால் இரட்டித்துக் கணக்கிட வேண்டும் என்பது விதி; ஆகவே 400. ஓகருக்குத் தனியே 450. முதற்படி நால்வருக்கு 400 புள்ளி தொடங்கியே உயிருக்கு இடர் விளைக்கும் போர் எனக் கொள்ளப்படும். எனவே இரண்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்தன. இரண்டும் ஒன்றுதானா?

நடுத்தரக் கவசம் பூண்ட வீரர் மீது, முதற் சுற்றில் நான்கு காப்ளின்களும் சேர்ந்து சராசரியாக 12 புள்ளிச் சேதம் விளைக்கும். ஓகர் விளைப்பதோ எட்டரைக்கு உட்பட்டதே. எண்ணிக்கையைப் பார்த்தால் காப்ளின்களே கொடியவை எனத் தோன்றும். ஆனால், அந்த 12 நால்வர்மேலும் பகிர்ந்து விழலாம். ஒரு காப்ளின் வீழ்ந்ததும் அதில் கால் பங்கு குறைந்துவிடும். ஓகரின் நிலை அவ்வாறன்று. 59 உயிர்ப்புள்ளிகளில் 58 போய் ஒன்றே எஞ்சினாலும், முதல் அடி அடித்த அதே வலிமையோடு அவன் அடிப்பான். அந்த அடியும் ஒருவர் மீதே விழும். முதற்படி மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி ஏழு என்று வைத்துக்கொள்வோம். 14 அல்லது அதற்கு மேற்பட்ட சேதம் ஒரே அடியில் வந்தால், மயங்கி விழுந்து பிழைக்கும் வாய்ப்பும் இன்றி அவர் அங்கேயே இறப்பார். ஓகரின் கதை பட்டுவிட்டால், பகடைகள் விழக்கூடிய 64 வகைகளில் 28 வகை அவ்வாறு முடியும். அஃதாவது பட்ட அடிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை. காப்ளின்களோடு நடக்கும் போர் கடினமானது. ஓகரோடு நடக்கும் போர் ஒரு பகடை வீச்சில் தொங்குவது. குழுவின் படியைவிடக் கடுமை எண் மிகுந்த பூதத்தை எச்சரிக்கையோடு கையாள வேண்டுமென்று விதிநூலே அறிவுறுத்துகிறது. அவ்வரியைப் படியாமல் எண்ணை மட்டும் படிப்போரே பலர்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதை நேயர்கள் அறிவார்கள். அரசனுக்குச் சொல்லப்பட்ட அவ்வரிசை இந்த மேசைக்கும் பொருந்துகிறது. கடுமை எண் அளக்க முயல்வது வலியை மட்டுமே. காலமும் இடமும் அதற்குள் அடங்கா.

காலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் நடுத்தரமோ கடினமோ ஆன போர்கள் ஆறு முதல் எட்டு வரை நிகழும் என்னும் எதிர்பார்ப்பு 2014-ஆம் ஆண்டு நடுவர் நூலில் உள்ளது. ஐந்தாம் படி மந்திரவாதி ஒரு நாளில் பயன்படுத்தக்கூடிய மந்திர வாய்ப்புகள் ஒன்பது. அவற்றில் வலிமை மிக்கவை இரண்டே. ஆறு போர்களுக்கு அவற்றைப் பகிர வேண்டுமாயின் அவர் கஞ்சனைப் போல் செலவிடுவார். ஆனால், பல மேசைகளில் கதையின் ஒரு நாளில் ஒரு போரே நடக்கிறது. அப்பொழுது அவர் தம் செல்வம் முழுவதையும் மூன்று சுற்றுகளில் கொட்டிவிடுகிறார். பெரிய பூதம் என நடுவர் அஞ்சி அஞ்சிக் கொணர்ந்தது கண் இமைக்கும் நேரத்தில் வீழ்கிறது. எண் பொய் என்று நடுவர் கருதுகிறார். எண் பொய்யன்று, அது ஆறாகப் பகிர்ந்த ஆற்றலுக்கு எழுதப்பட்டது, அவ்வளவே.

இனி இடம். 1987 நவம்பரில் ‘டிராகன்’ இதழின் 127-ஆம் வெளியீட்டில், ராஜர் மூர் என்பார் எழுதிய ஆசிரியர் பக்கம் இவ்வாட்டக்காரரிடையே இன்றும் பேசப்படுகிறது. கோபால்டு என்பவை பூதங்களுள் மிக எளியவை. ஆனால், அவர் விவரித்த கோபால்டுகள் குறுகிய சுரங்க வழிகளில் ஒளிந்து, தீ மூட்டி, மறைவிலிருந்து எய்து, பின்வாங்கி, வேறொரு துளையில் மீண்டும் தோன்றின. படி பல ஏறிய வீரர்கள் அவற்றுக்கு அஞ்சி ஓடினர். அவற்றைவிட வலிய பூதங்கள் வாழும் கீழ்த் தளத்தையே பாதுகாப்பான இடமாக எண்ணினர். பூதங்களின் எண் ஏறவில்லை. அவை தமக்குரிய இடத்தில் நின்றன.

இவற்றையெல்லாம் நாம் நூலறிவாக அறிந்திருந்தும் ஒருமுறை தவறினோம். அத்தவற்றையும் கூறிவிடுவதே முறை.

ஞாயிறுதோறும் நம் வீட்டு மேசையில் நால்வர் ஆடினர். நாம் நடுவராக இருந்தோம். நால்வரும் மூன்றாம் படியை எட்டியிருந்தனர். அவர்களுள் கல்லூரி மாணவி ஒருத்தி மந்திரவாதியாக ஆடினாள். தன் மந்திரவாதிக்கு ஊர், பெற்றோர், பிரிந்துபோன தங்கை என ஒரு வாழ்க்கையையே அவள் மூன்று மாதங்களில் கட்டியிருந்தாள். அன்றைய கதையில் ஒரு பாழ்ங்கிணற்றின் அடியில் கோயில் மணி ஒன்றைத் தேடி நால்வரும் இறங்கினர். அங்கே நிழல்கள் என்னும் பூதங்கள் மூன்றை நாம் வைத்திருந்தோம். நிழலின் கடுமை எண் அரை. ஒன்றுக்கு 100 புள்ளி என மூன்றுக்கு 300, இரட்டித்தால் 600. மூன்றாம் படி நால்வருக்கு அது நடுத்தரம் என்று அட்டவணை கூறிற்று. நாமும் அட்டவணையை மூடி வைத்தோம்.

நிழலின் தாக்குதல் உயிர்ப்புள்ளியை மட்டும் குறைப்பதன்று. அது பட்டவரின் உடல் வலிமையையும் ஒன்று முதல் நான்கு வரை உறிஞ்சும். வலிமை சுழியானால் இறப்பு. வாள்வீரருக்கு வலிமை பதினாறு இருக்கும். அவர் நெடுநேரம் தாங்குவார். அம்மாணவியின் மந்திரவாதிக்கோ எட்டே. நிழலைக் கலங்கச் செய்யும் ஒளி மந்திரம் வழிபாட்டு வீரருக்கு எளிது. நம் குழுவில் அத்தகையவர் எவருமிலர். மாயம் ஏற்றப்படாத வாளின் அடி நிழல்மேல் பாதியே பலிக்கும். நம் குழுவில் மாயவாளும் இல்லை. கிணற்றின் அடியில் இருள் சூழ்ந்திருந்தது; இருளில் நிழல்கள் எளிதில் மறைந்துகொள்ளும். வழியோ ஒரே கயிறு.

முதல் நிழல் மூன்றை உறிஞ்சிற்று. இரண்டாவது நான்கை. அவள் கயிற்றை நோக்கித் திரும்பினாள். மூன்றாவது பகடையை நாம் எல்லோரும் காண உருட்டினோம். ஒன்று விழுந்தது. மூன்றும் நான்கும் ஒன்றும் எட்டு. உயிர்ப்புள்ளி இரண்டு மீதமிருக்கும்போதே அவளுடைய மந்திரவாதி இறந்தாள். மேசையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் அவள், “இப்படி ஒன்று உண்டு என்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் இறங்கியே இருக்க மாட்டேனே, சார்,” என்றாள். அதில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு நாம் அட்டவணையை மீண்டும் திறந்து பார்த்தோம். கணக்கில் பிழை இல்லை. கடுமை எண் ஒரு நால்வரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. அந்த நால்வர் அந்நூலை எழுதியோரின் கற்பனையில் இருக்கின்றனர். நம் மேசையில் இருப்பவர் வேறு நால்வர். பூதத்தை நூல் எடைபோட்டுத் தரும். நம் எதிரே அமர்ந்திருப்போரை நாமே எடைபோட வேண்டும். அப்பாதி வேலையை நாம் செய்யவில்லை.

ஆகவே, நடுவராக அமர்வோர் பூதத்தின் எண்ணைப் பார்த்த பின்னர் மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நலம். குழுவில் மிக மெலியவரை இப்பூதத்தின் ஓர் அடி வீழ்த்திவிடுமா? இவர்கள் கையிலுள்ள கருவிகளைக் கொண்டு இதனை வீழ்த்த எத்தனை சுற்று ஆகும்? உயிர்ப்புள்ளியால் அளக்கவியலாத தீங்கு எதையேனும் இது செய்யுமா, செய்யுமாயின் அதற்கு மாற்று இக்குழுவில் எவரிடம் உள்ளது? இம்மூன்றுக்கும் விடை காண ஒரு தாளும் கால் மணி நேரமும் போதும். நம் கிணற்றைப் பற்றி மூன்றாம் கேள்வியை முன்னரே கேட்டிருந்தால், நிழல்களை ஒன்றாகக் குறைத்திருப்போம். அல்லது ஒரு விளக்கையாவது வைத்திருப்போம்.

சிலர் வேறொரு வழி கூறுவர். பகடையை மறைவில் உருட்டி, வேண்டாத எண் விழுந்தால் மாற்றிச் சொல்லிவிடலாமே என்பர். மதிப்பீட்டில் நேர்ந்த பிழையைப் பொய்யால் மூடுவது அது. ஒருமுறை அது தெரிந்துவிட்டால், அதன் பிறகு பெறும் வெற்றி எதுவும் தம்முடையது என்று ஆடுவோர் நம்பார். பூதத்தை முன்கூட்டியே சரியாக நிறுத்துவது நடுவர் கடமை. பகடை விழுந்த பின் அதனை ஏற்பதும் அவர் கடமையே.

இதனினும் முதன்மையானது ஒன்று உண்டு. அம்மாணவி கூறிய சொல்லில் அது அடங்கியிருந்தது. தனக்கு வெற்றி தரப்படவில்லை என்று அவள் குறைபடவில்லை. எடைபோட வாய்ப்புத் தரப்படவில்லை என்றே குறைபட்டாள். பழைய நிலவறையில் படிக்கட்டு இருந்தது. இறங்குவோர் தாமே தேர்ந்து இறங்கினர். நம் கிணற்றில் அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை. கிணற்றருகே வாடி விழுந்த ஓர் ஆட்டை வைத்திருக்கலாம். அந்திக்குப் பின் அங்கே செல்லாதீர் என்று சொல்லும் ஒரு கிழவியை வைத்திருக்கலாம். அப்படி வைத்தும் அவர்கள் இறங்கியிருந்தால், இறப்பும் அவர்களுடைய கதையாக இருந்திருக்கும். கடுமை எண்ணை நடுவர் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். அது சுட்டும் இடரைப் பற்றிய குறிப்பை மறைத்து வைத்தல் ஆகாது.

2024-ஆம் ஆண்டு வெளியான புதிய நடுவர் நூல், எண்ணிக்கைக்காக இரட்டிக்கும் விதியைக் கைவிட்டுவிட்டது. போர்களைக் குறைவு, மிதம், மிகுதி என மூன்றே வகுப்பாக்கியது. கணக்கு எளிதாயிற்று. கணக்கு எளிதாயின், அது விட்டுவிட்டதை நாம் பார்த்துக்கொள்ள வேண்டிய அளவும் மிகும். அளவுகோல் மாறிக்கொண்டேதான் இருக்கும். அளப்பவர் இன்றி எந்த அளவுகோலும் அளப்பதில்லை.

அம்மாணவி அடுத்த ஞாயிறும் வந்தாள் என்பதை மகிழ்வோடு கூறிக்கொள்கிறோம். இம்முறை வழிபாட்டு வீரர் ஒருவரை அவள் உருவாக்கியிருந்தாள். நிழலால் இறந்த நல்லோர் சில நாழிகையில் தாமும் நிழலாய் எழுவர் என்பது அவ்வாட்டத்தின் விதி. அவ்விதியை அவள் இதற்குள் படித்திருந்தாள். தன் பழைய மந்திரவாதி அக்கிணற்றின் அடியில் அலைந்துகொண்டிருப்பாள் என்பதையும், நிழல்கள் வெயிலில் தளரும் என்பதையும் அறிந்திருந்தாள். மேசையில் அமர்ந்ததும், பகடையைத் தொடுமுன், நம்மை நோக்கி ஒன்று கேட்டாள். “சார், அந்தக் கிணறு எவ்வளவு அகலம்? உச்சிப்பொழுதில் அடிவரைக்கும் வெயில் விழுமா?”